மாணவர் கையில் கருவி இல்லாத வகுப்பில், பாடம் நடக்கும்போதே புரிதலை அறிவது எப்படி?

கேள்வி (அறிவியல் ஆசிரியர்)

அனைவருக்கும் வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஒரு வகுப்பில் சுமார் நாற்பது மாணவர்கள் இருக்கிறார்கள். வகுப்பறையில் ஒரு புரொஜெக்டரும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. என்னிடம் கைப்பேசி உண்டு. மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர அனுமதி இல்லை. இணையம் கிடைக்கும், ஆனால் நம்ப முடியாது.

"புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "புரிந்தது" என்கிறது. கேள்வி கேட்டால் கை உயர்த்துபவர்கள் எப்போதும் அதே ஐந்தாறு பேர்தான். மற்றவர்களுக்கு என்ன புரிந்தது என்பதைத் தேர்வுத்தாள் திருத்தும்போதுதான் அறிகிறேன். அதற்குள் பாடம் வெகுதூரம் போய்விடுகிறது. பயிற்சி முகாம்களில் செயலிகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அவை அனைத்தையும் பழக எனக்கு நேரமில்லை. ஒன்றோ இரண்டோ மட்டும் கற்றுக்கொள்வதென்றால் எவற்றைக் கற்பது பயனுள்ளது? கஹூட் போன்ற விளையாட்டு வினாடி வினாக்களைப் பலரும் பரிந்துரைக்கிறார்கள். அவற்றைப் பற்றிய கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1 (கணித ஆசிரியர்)

உங்கள் நிலைமைக்குப் பிளிக்கர்ஸ் என்னும் செயலி பொருந்தும். ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே போதும். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண்ணுள்ள அட்டை தரப்படும். அதில் கியூஆர் குறியீட்டைப் போன்ற ஒரு கறுப்பு வடிவம் இருக்கும். அட்டையின் நான்கு பக்கங்களும் நான்கு விடைகளைக் குறிக்கும். தாம் தேர்ந்த விடைக்குரிய பக்கம் மேலே வருமாறு மாணவர் அட்டையைப் பிடிக்க வேண்டும். நீங்கள் கைப்பேசியின் கேமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை மெதுவாக நகர்த்தினால், யார் எந்த விடையைத் தேர்ந்தார் என்பது திரையில் பெயருடன் பதிவாகிவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு என்பதாலும், விடைக்குரிய எழுத்து மிகச் சிறியதாக அச்சிடப்பட்டிருப்பதாலும், பக்கத்து மாணவரைப் பார்த்து விடை சொல்வது எளிதன்று. அட்டைகளை இணையதளத்திலிருந்து இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். 40 அட்டைகள் கொண்ட தொகுப்பு உங்கள் வகுப்புக்குச் சரியாக இருக்கும், 63 கொண்ட தொகுப்பும் உண்டு. தடித்த தாளில் அச்சிடுங்கள். பளபளக்கும் லேமினேஷன் வேண்டாம். விளக்கொளி பட்டால் கேமராவுக்கு வடிவம் தெரியாது.

கருவியைப் பழகுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். வேலை கேள்வியில்தான் இருக்கிறது. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைக் காட்டிக்கொடுக்குமாறு கேள்வி அமைய வேண்டும்; இல்லாவிட்டால் எத்தனை பேர் தவறு என்பது தெரியுமே தவிர, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியாது. என் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 0.4, 0.35, 0.125 ஆகியவற்றுள் எது பெரியது என்று கேட்டால், புள்ளிக்குப் பின் உள்ளதை முழு எண்ணாக வாசிக்கும் மாணவர் 0.125 என்பார். ஆனால் "இலக்கங்கள் குறைவாக இருந்தால் எண் பெரியது" என்று நினைத்திருக்கும் மாணவர் 0.4 என்று சரியாகவே சொல்லிவிடுவார், அவருடைய தவறு மறைந்தே இருக்கும். ஆகவே உடனடியாக 0.3, 0.45, 0.625 என்ற மூன்றையும் காட்டி அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இப்போது முதல்வகை மாணவர் 0.625 என்று சரியாகச் சொல்வார். இரண்டாம் வகையினர் 0.3 என்று சொல்லி அகப்படுவார். இரண்டிலும் சரியாகச் சொன்னவர்களைப் பற்றி ஓரளவு நம்பிக்கை கொள்ளலாம். இந்த இணைக்கேள்வி முறையை அறிவியலிலும் கையாளலாம்: மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் இருக்கும் கணத்தில் அதன்மீது எந்த விசை செயல்படுகிறது என்ற கேள்வியில் "விசையே இல்லை", "மேல்நோக்கிய விசை" என்னும் இரு விடைகளும் இருவேறு தவறான எண்ணங்களைக் காட்டும்.

விடைகள் வந்தபின் சரியான விடையை உடனே காட்டிவிடாதீர்கள். ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இங்கே உதவும். ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால், பக்கத்தில் இருப்பவரிடம் தம் விடைக்கான காரணத்தை விளக்கச் சொல்லிவிட்டு மீண்டும் ஒருமுறை வாக்கெடுக்க வேண்டும். அதற்கும் குறைவாக இருந்தால் பேசுவதில் பயனில்லை, நீங்களே மீண்டும் விளக்க வேண்டும். அதிகமாக இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.

மறுமொழி 2 (மொழி ஆசிரியர்)

மேலே சொன்னவற்றுள் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். ஆயினும், நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்வது மட்டுமே புரிதல் ஆகாது. என் பாடத்தில் மாணவர் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்; உங்கள் பாடத்தில் ஒரு மின்சுற்றையோ ஒளிக்கதிர்ப் படத்தையோ வரைய வேண்டியிருக்கும். அதற்கு அட்டை உதவாது. ஆளுக்கொரு சிலேட்டோ சிறு வெள்ளைப்பலகையோ போதும். "எழுதுங்கள், மறைத்து வையுங்கள், நான் சொன்னதும் ஒன்றாக உயர்த்துங்கள்" என்ற மூன்று கட்டளைகளில் வகுப்பு முழுவதையும் ஒரே பார்வையில் படித்துவிடலாம். மறைத்து வைக்கும் நடுக்கட்டளையை விட்டுவிட்டால் முதலில் உயர்த்தியவரின் விடையே வகுப்பின் விடையாகிவிடும். இணையம் நின்றுபோகும் கவலையும் இல்லை.

கஹூட்டுக்கு மாணவர் கையில் கருவி வேண்டும் என்பதால் உங்களுக்கு அது இப்போது பொருந்தாது. பொருந்தும் இடத்திலும், விரைவாகச் சொன்னவருக்குக் கூடுதல் புள்ளி என்ற அதன் இயல்பான அமைப்பு, யோசித்து விடை சொல்லும் மாணவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. நேரத்தை நீட்டிக்கவும் புள்ளிகளை நீக்கவும் அதிலேயே வழியுண்டு. அவ்வாறு செய்தால் ஆரவாரம் குறையும், விடைகளின் நம்பகத்தன்மை கூடும். பாட முடிவில் பதினைந்து நிமிடங்கள் மகிழ்ச்சியாக இருக்க வேண்டுமென்றால் உள்ளபடியே நடத்துங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணைப் புரிதலின் அளவாக எண்ண வேண்டாம்.

நேரம் பற்றிப் பேசுவதால் ஒன்றைச் சேர்க்கிறேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருந்ததைக் கண்டார். அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். புரொஜெக்டரில் பெரிய எழுத்துகளில் ஓடும் ஒரு நேரங்காட்டியை வைத்தால் நாமும் பொறுமையாக இருப்போம். எனக்குத் தெரிந்து வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் இதைவிட மலிவானது வேறில்லை.

மறுமொழி 3 (கணினி ஆய்வகப் பொறுப்பாளர்)

மற்ற இருவரும் வகுப்புக்குள் நடப்பதைச் சொல்லிவிட்டார்கள். கணினி ஆய்வகத்தில் மாணவர்களை அமர வைக்கும் வாய்ப்பு எப்போதாவது கிடைக்குமானால் இணையத்தில் கேள்விப் படிவம் அமைக்க உதவும் கூகுள் ஃபார்ம் ஒன்றைப் பழகுங்கள். அமைப்புகளில் அதை வினாடி வினாவாக மாற்றினால் விடைக்குறிப்பும் மதிப்பெண்ணும் சேர்க்கலாம். பலரும் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். தேர்ந்த விடைக்கேற்ப வேறு பிரிவுக்கு அனுப்பும் வசதிதான் ஆசிரியருக்கு உண்மையில் பயன்படுவது: தவறான விடையைத் தேர்ந்தவர் ஒரு சிறு விளக்கத்தையும் படத்தையும் பார்த்துவிட்டு இன்னொரு கேள்விக்குப் போவார், சரியாகச் சொன்னவர் நேராக அடுத்த பகுதிக்குச் செல்வார். பல விடைகளுள் ஒன்றைத் தேரும் கேள்விகளிலும் கீழிறங்கு பட்டியல்களிலும் மட்டுமே இது இயங்கும். ஒவ்வொரு கேள்வியையும் தனிப் பிரிவில் வைத்தால் குழப்பம் வராது.

குறுவிடைக் கேள்விகளைத் தானே திருத்துமாறு விட வேண்டாம். நீங்கள் கொடுத்த விடையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் அது சரி என்று ஏற்கும். "ஒளிச்சேர்க்கை" என்பதை மாணவர் "ஒளிச் சேர்க்கை" என்று பிரித்து எழுதினால் தவறாகிவிடும். எண் விடைகளுக்கு ஓரளவு நம்பலாம். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் வினாத்தாள்களை நேரடியாக வெட்டி ஒட்டாதீர்கள். அவை யூனிகோடு என்னும் பொதுக் குறியீட்டு முறையில் இல்லாததால் படிவத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள், மாற்றியபின் ஒருமுறை வாசித்தும் பாருங்கள்.

எந்தச் சேவையாக இருந்தாலும் கேள்விகளின் மூலப்படியை உங்கள் கணினியில் ஒரு விரிதாளில் வைத்திருங்கள். எட்மோடோ என்னும் இணையக் கற்றல் தளம் 2022இல் மூடப்பட்டது. கூகுளின் இணைய வெள்ளைப்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவோடு நின்றுபோனது. அவற்றில் மட்டுமே பாடங்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு இடம் மாறுவது பெரிய வேலையாக இருந்தது. மாணவர்களின் முழுப் பெயர்களை வெளிச் சேவைகளில் ஏற்றுவதையும் தவிர்க்கலாம். பிளிக்கர்ஸிலும் ஃபார்மிலும் வரிசை எண்ணே போதும், யாருடைய எண் எது என்பது உங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கிறதே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. அடுத்த அலகு மின்சுற்று என்பதால் வரைவதற்குச் சிலேட்டையும் விடை தேர்வதற்கு அட்டையையும் வைத்துத் தொடங்குகிறேன். இரண்டு ஐயங்கள் உள்ளன. வாரத்திற்கு எத்தனை முறை இப்படிக் கேட்கலாம்? அடிக்கடி சோதிப்பதாக மாணவர்கள் சலித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன். மேலும், இணையம் இல்லாதபோது மின்சுற்றைத் திரையில் இயக்கிக் காட்ட வழியுண்டா?

மறுமொழி 1 (கணித ஆசிரியர்)

மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது என்று முதல் நாளே சொல்லிவிட்டு, சொன்னபடியே நடந்துகொண்டால் சலிப்பு வராது. ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஒன்று நேற்றைய பாடத்திலிருந்து, மற்ற இரண்டும் சென்ற வாரத்திலிருந்தும் சென்ற மாதத்திலிருந்தும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்ததை மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, மீண்டும் படிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எனவே இந்த மூன்று கேள்விகள் நீங்கள் அறிந்துகொள்வதற்கு மட்டுமல்ல, அவர்களின் படிப்புக்கும் உதவுபவை.

மறுமொழி 3 (கணினி ஆய்வகப் பொறுப்பாளர்)

மின்சுற்றுக்கு ஃபெட் பாவனைகளை, அதாவது கணினித் திரையில் இயக்கிப் பார்க்கும் அறிவியல் மாதிரிகளை, பாருங்கள். கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் அது, கட்டணம் இல்லை. எச்டிஎம்எல்5 வடிவில் உள்ள பாவனைகளை ஒற்றைக் கோப்பாக இறக்கிப் பென் டிரைவில் வைத்துக்கொண்டால், உலாவி மட்டும் இருக்கும் எந்தக் கணினியிலும் இணையமின்றி இயங்கும். நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் பாவனையில் மின்கலம், விளக்கு, கம்பி ஆகியவற்றை இழுத்து இணைக்கலாம். சுற்றைக் காட்டிவிட்டு, இரண்டாவது விளக்கைத் தொடரில் சேர்க்கும் முன் ஒரு கணம் நிறுத்தி, முதல் விளக்கின் ஒளி கூடுமா, குறையுமா, மாறாதிருக்குமா என்று அட்டைகளை உயர்த்தச் சொல்லுங்கள். விடைகளை எண்ணிய பிறகே கம்பியை இணையுங்கள்.