குடியாத்தம் வீடு (குடும்பக் குழு)

முரளி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் புராஸ்டேட் புற்றுநோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க எடுத்த பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் வந்துவிட்டது. முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் புள்ளி புள்ளியாக ஒளிர்கிறது. ஹார்மோன் ஊசியும் கீமோவும் இனி கேட்காதாம், லுட்டீசியம் என்கிற கதிர்வீச்சு மருந்து ஊசி போடலாம் என்கிறார்கள். சித்திரை 20 வேலூரில் அட்மிஷன்.

விஜயா அத்தை: ஒளிர்கிறது என்றால் நல்லதா கெட்டதாடா?

தேவி: அத்தை, பரவியிருப்பது கெட்டதுதான். ஆனால் நன்றாக ஒளிர்ந்தால்தான் இந்த ஊசியே போடுவார்கள். அந்தப் புற்றுநோய்ச் செல்களின் மேல் பிஎஸ்எம்ஏ என்கிற புரதம் நிறைய இருக்கிறது, மருந்து அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே கதிரைக் கொடுக்கும்.

செல்வம் சித்தப்பா: போன வருஷம் இடுப்பில் கரண்ட் வைத்தார்களே, அதேதானே?

தேவி: இல்லை சித்தப்பா, அது வெளியிலிருந்து ஒரே இடத்துக்கு வைத்தது. இது ரத்தத்தில் போவதால் எலும்பில் பத்து இடத்தில் இருந்தாலும் பத்துக்கும் போகும், அழிக்கிற பீட்டா கதிர் சுமார் 2 மில்லிமீட்டர் தாண்டாது. 6 வாரத்துக்கு ஒரு ஊசி, அதிகபட்சம் 6. ஒவ்வொரு முறையும் ரத்த அணுக்களும் கிட்னியும் பார்த்துவிட்டுத்தான். வாய் வறளும், அசதி இருக்கும்.

முரளி: குணமாகுமா தேவி? நேராகச் சொல்.

தேவி: முழுசாகக் குணமாகாது அண்ணா. இந்த ஊசியைப் பற்றி 2021-ல் வந்த விஷன் என்கிற ஆய்வில், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேர் 11.3 மாதம் தாண்டினார்கள், இந்த ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் பாதிப்பேர் 15.3 மாதம். பலருக்கு எலும்பு வலியும் குறைகிறது. பெரியப்பா ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் முனகுவதைப் பார்த்தவள் நான், அதற்காகவே போடச் சொல்வேன்.

விஜயா அத்தை: சரிம்மா, ஆனால் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் பிள்ளைகள் எல்லாம் வருமே. வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அண்ணனைப் பின்கட்டில் தனியாகப் படுக்க வைத்து, தட்டு டம்ளர் எல்லாம் தனியாக...

தேவி: அத்தை, பின்கட்டுப் பேச்சே வேண்டாம், அந்த மனுஷன் நொந்துபோவார். பீட்டாவோடு கொஞ்சம் காமா கதிரும் வெளியே வரும், அதனால்தான் சில நாள் ஜாக்கிரதை, அவ்வளவுதான். பெரியவர்கள் 2 நாள் மூன்றடி தள்ளி உட்கார்ந்து பேசுங்கள், பெரியம்மா 3 ராத்திரி வேறு அறையில் படுக்கட்டும். குழந்தைகளை 7 நாள் மடியில் ஏற்றக்கூடாது, சிரசு வைகாசி 1, அதற்குள் அது முடிந்துவிடும், தாராளமாக வரட்டும். கவிதா மாசமாக இருப்பதால் அவளும் 7 நாள் கிட்டே போகக்கூடாது, 15 நாள் வேறு அறையில் தூங்கணும். டிஸ்சார்ஜ் ஆகும்போது கதிர் எவ்வளவு வருகிறது என்று அளந்து பார்த்துக் காகிதத்தில் எழுதித் தருவார்கள், அதில் வேறு மாதிரி இருந்தால் அதையே கேளுங்கள்.

கவிதா: நான் என் மாமியார் வீட்டிலேயே தூங்கிக்கொள்கிறேன், பகலில் வந்து திண்ணையில் இருந்து அப்பாவோடு பேசுவேன்.

தேவி: 7 நாள் கழித்து வா. முக்கியமான விஷயம், மருந்து சிறுநீரில்தான் வெளியேறும். நிறையத் தண்ணீர் குடிக்கணும், உட்கார்ந்தே போகணும், இரண்டு முறை ஃபிளஷ் செய்யணும்.

முரளி: வீட்டில் இருப்பது இந்தியன் டாய்லெட். அப்பாவுக்குக் குத்துக்காலிட முடியாதே.

செல்வம் சித்தப்பா: ஆம்பூரில் நம்ம பிளம்பர் இருக்கிறார். நாளைக் காலையே கமோடோடு அனுப்புகிறேன், வாசலில் யாராவது இருங்கள்.