மறுமடல்: அருகலை இணைப்புத் 'துண்டிப்பு' – துண்டித்தது யார்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மடிக்கணினியில் அருகலை (வைஃபை) இணைப்பு அடிக்கடி போய்ப்போய் வருவதற்கு என்ன சொல் வைக்கலாம் என்று கேட்டு இந்த இழையைத் தொடங்கியவன் நான்தான். 'துண்டிப்பு', 'இணைப்பிழப்பு', 'அலைநழுவல்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. 'கட் ஆகிறது என்றே எழுதுங்களேன், எல்லாருக்கும் புரியும்' என்றும் ஒருவர் சொன்னார். நான்கையும் நான் எழுதிவரும் உதவிப் பக்கத்தின் வரைவில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் நான் கேட்ட கேள்வியே சரியில்லை என்று தெரிந்தது. இங்கே ஒரு சொல் போதாது. ஏன் என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 'துண்டிப்பு'. வரைவை உறவினர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். கணினி பயன்படுத்துகிறவர், ஆனால் உள்விவரம் தெரியாதவர். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற வரியைப் படித்ததும் அவர் கேட்டது: 'பணம்தான் கட்டியாயிற்றே, ஏன் துண்டித்தார்கள்?' அவர் கேட்டதில் தவறே இல்லை. பணம் கட்டாதவர்களின் மின் இணைப்பையும் குடிநீர் இணைப்பையும் பற்றிய அறிவிப்புகளில்தான் நாம் இந்தச் சொல்லை அதிகம் பார்த்திருக்கிறோம். துண்டித்தல் பிறவினை. துண்டிக்க ஓர் ஆள் வேண்டும். 'துண்டிக்கப்பட்டது' என்று எழுதியவுடன் 'யாரால்?' என்ற கேள்வி தானாக எழுகிறது. அவருடைய கணினியிலோ அதை யாரும் துண்டிக்கவில்லை. அவர் அறைக்கும் திசைவிக்கும் (ரௌட்டர்) நடுவே இரண்டு சுவர் இருந்தது, அவ்வளவுதான்.

'கட் ஆகிறது' என்று சொன்ன நண்பரின் பரிந்துரையை இந்த இடத்தில் நினைத்துப் பார்த்தேன். பேச்சில் நாம் 'கட் ஆகுது' என்கிறோம். 'கட் பண்ணிட்டாங்க' என்பதை வேறு இடத்தில் சொல்கிறோம். இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பேச்சுத்தமிழ் தன்வினை, பிறவினை வேறுபாட்டை விடாமல் வைத்திருக்கிறது. கலைச்சொல் எழுத உட்கார்ந்ததும் நாம்தான் அதைத் தொலைத்துவிடுகிறோம்.

இது வெறும் இலக்கண நுணுக்கம் என்று நினைக்க வேண்டாம். பழுது பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவேதான்: யார் செய்தது? லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் நடப்பவை பதிவாகும் பதிவேட்டை (லாக்) திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அருகலை போகும்போது அங்கே பெரும்பாலும் மூன்று வகை வரிகளில் ஒன்று விழுகிறது. 'டிஆத்தெண்டிகேட்டிங்' என்று தொடங்கி 'பை லோக்கல் சாய்ஸ்' என்று முடிந்தால், கணினி தானே முடிவெடுத்து வெளியே வந்திருக்கிறது. 'டிஆத்தெண்டிகேட்டட்' என்று இருந்தால், திசைவி கணினியை வெளியே அனுப்பியிருக்கிறது. 'கனெக்‌ஷன் டு ஏபி லாஸ்ட்' (ஏபி என்பது இங்கே திசைவி) என்று இருந்தால், இருவருமே ஒன்றும் செய்யவில்லை. திசைவியின் குரல் கேட்காமல் போய்விட்டது. முதல் இரண்டு வரிகளின் தொடக்கச் சொல்லில் உள்ள வேறுபாடு அதன் கடைசி அசையில் மட்டும் இருக்கிறது. எத்தனை பேர் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பார்கள்! தமிழில் மூன்றையும் 'துண்டிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டால் அந்தக் கடைசி அசையும் போய்விடும்.

தமிழில் இதற்கு அருமையான ஓர் இணை ஏற்கனவே இருக்கிறது: விலகு, விலக்கு. திருந்து–திருத்து, அடங்கு–அடக்கு போல. ஆகவே, இழையில் முன்பே சுருக்கமாகக் குறிப்பிட்டிருந்த என் பரிந்துரை இது. கணினி தானே வெளியேறினால் விலகல்: 'கணினி விலகியது'. திசைவி வெளியேற்றினால் விலக்கல்: 'திசைவி விலக்கியது'. யாரும் செய்யாமல் அலை எட்டாமல் போனால் அறுதல்: 'இணைப்பு அறுந்தது'. கயிறு அறுந்தது, செருப்பு அறுந்தது என்கிறோமே, அதே அறுதல்.

இனி இந்த மூன்றும் நடைமுறையில் எப்படிப் பொருந்துகின்றன என்று பார்ப்போம்.

அறுதலை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் மடிக்கணினியில் நடந்தது அதுதான். திசைவி சும்மா இருக்கும்போதுகூட 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ஒரு சிறு அறிவிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான திசைவிகளில் 102.4 மில்லிநொடிக்கு ஒரு முறை, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 10 முறை. பீக்கன் என்று சொல்கிறோம். அது தொடர்ந்து பல முறை கேட்காமல் போனால் கணினி ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் இணைப்பு போயிற்று என்று எழுதிவிடும். என் கணினியில் நாள்தோறும் நான்கைந்து முறை இப்படி அறுந்தது. குறிப்பேட்டில் நேரம் எழுதி வைத்தேன். ஒரு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது: வெளி வன்தட்டில் காப்பு நகல் எடுக்கும் நேரத்தில் மட்டும் அறுகிறது. வன்தட்டை இணைத்திருந்த யூஎஸ்பி 3.0 வேகமாகத் தரவை அனுப்பும்போது எழும் இரைச்சல், அருகலை பயன்படுத்தும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைப் பகுதியில் பரவும். பக்கத்திலேயே இருக்கும் அருகலை ஆண்டெனா அதில் செவிடாகிவிடும். இது 2012 முதல் துறையில் நன்கு தெரிந்த விஷயம்தான், எனக்குத்தான் உறைக்கவில்லை. வன்தட்டை நீளமான, நல்ல உறையிட்ட கம்பியில் தள்ளி வைத்தேன், கணினியை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். அதன் பிறகு அறவே இல்லை.

இதில் யார் யாரைத் துண்டித்தார்கள்? யாருமில்லை. 'துண்டிப்பு' என்ற சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு தேடியதால்தான் முதல் மூன்று நாள் திசைவியின் அமைப்புகளையே குடைந்துகொண்டிருந்தேன். சொல் தவறான இடத்தில் தேட வைத்தது.

அறுதலில் இன்னொரு வகையும் உண்டு. மடிக்கணினிகளின் ஆண்டெனா பெரும்பாலும் திரையைச் சுற்றி இருக்கும். கம்பி கீல் வழியாகக் கீழே வரும். திரையைச் சாய்க்கும்போது மட்டும் இணைப்பு போகிறது என்றால் கம்பியைச் சந்தேகிக்கலாம். இங்கே 'அறுந்தது' என்பது உண்மையிலேயே அறுந்ததாகவும் இருக்கலாம்.

விலகலுக்கு வருவோம். கணினி தானே ஏன் விலகும்? உறங்கப் போகும்போது, வேறு இணைப்புக்கு மாறும்போது, அருகலை அட்டையின் இயக்கி மென்பொருள் (டிரைவர்) தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும்போது. பதிவேட்டு வரியில் ஏன் போனது என்று சொல்லும் ஒரு காரண எண்ணும் இருக்கும். அது 3 என்று இருந்தால் 'நான் கிளம்புகிறேன்' என்று கணினியே சொல்லிவிட்டுப் போயிருக்கிறது என்று பொருள். இங்கே திசைவியைத் தொட்டுப் பயனில்லை.

விலக்கல்தான் சிக்கலானது. இது பற்றி இழையில் ஐயா ஒருவர் நல்ல மறுப்பு ஒன்றை எழுப்பியிருந்தார்: 'திசைவி விலக்கியது என்று எழுதினால், பயனர் திசைவிதான் பழுது என்று நினைத்துப் புதிது வாங்கிவிடுவார்.' ஐயா சொல்வது நடக்கக்கூடியதுதான். காரண எண் 4 என்பதைப் பாருங்கள். கணினி நெடுநேரம் அசைவில்லாமல் இருந்ததால் விலக்கினேன் என்று திசைவி சொல்கிறது. மின்கலத்தை மிச்சப்படுத்தக் கணினி தன் அருகலை அட்டையைத் தூங்க வைத்திருக்கிறது. திசைவி ஆளில்லை என்று நினைத்துவிட்டது. செய்தது திசைவி, காரணம் கணினியின் மின்சேமிப்பு அமைப்பு. அட்டைக்கான மின்சேமிப்பை அணைத்தால் சரியாகிவிடும். காரண எண் 15 என்றால் கடவுச்சொல் சரிபார்க்கும் நான்கு படிக் கைகுலுக்கல் (திசைவியும் கணினியும் செய்யும் செய்திப் பரிமாற்றம்) நேரத்துக்குள் முடியவில்லை. பல நேரம் கடவுச்சொல்லே தவறாக இருக்கும், சில நேரம் அலை வலுவிழந்து இருக்கும்.

ஆகவே செய்தவர் வேறு, காரணமானவர் வேறு. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சொல் செய்தவரைச் சுட்டினால் போதும் என்பது என் எண்ணம். காரணத்தை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்: 'திசைவி விலக்கியது. காரணம்: கணினியிடமிருந்து நெடுநேரம் செய்தி இல்லை.' இப்படி எழுதினால் யாரும் கடைக்கு ஓட மாட்டார்கள்.

விலகல், விலக்கல் இரண்டும் ஓர் எழுத்தில் மட்டும் வேறுபடுவதால் குழப்பும் என்று இன்னொரு நண்பர் எழுதினார். தனிச்சொல்லாகப் போட்டால் குழப்பலாம். அதனால்தான் பயனர் பார்க்கும் இடத்தில் எழுவாயோடு முழு வாக்கியமாகவே எழுதச் சொல்கிறேன். பெயர்ச்சொல் வடிவம் சொற்பட்டியலுக்கு மட்டும்.

சரி, மூன்றும் வேறு என்றாகிவிட்டது. ஆனால் பயனர் நம்மிடம் வரும்போது அவருக்கு எது நடக்கிறது என்று தெரியாது. 'நெட் விட்டு விட்டு வருது' என்பார். அந்த அறிகுறிக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும். விட்டு விட்டுப் பெய்யும் மழை போல, விட்டு விட்டு வரும் இணைப்பு. விளக்க உரையில் இதையே எழுதலாம், இதைவிடத் தெளிவாக ஒன்றும் கிடையாது. தலைப்பிலும் பட்டியலிலும் நிற்கக்கூடிய ஒரு பெயர்ச்சொல்தான் இல்லை.

அதற்கு 'இடையறவு' என்ற சொல்லை முன்வைக்கிறேன். 'இடையறாத' என்ற சொல்லை எல்லாரும் பயன்படுத்துகிறோம்: இடையறாத உழைப்பு, இடையறாத மழை. எதிர்மறை வடிவம் மட்டும் புழக்கத்தில் நின்றுவிட்டது, உடன்பாட்டு வடிவம் ஒதுங்கிவிட்டது. இடையறாத இணைப்பு என்பது நாம் விரும்புவது. இடையறவு என்பது நமக்குக் கிடைப்பது. உறு என்பதிலிருந்து உறவு வருவது போல அறு என்பதிலிருந்து அறவு. அறுதல் என்ற வேரும் அதில் தங்கிவிடுகிறது, துண்டிக்கும் ஆள் யாரும் உள்ளே வரவில்லை. முக்கியமாக, 'இடை' என்பதால் மீண்டும் தொடரும் என்ற பொருளும் கிடைக்கிறது. 'இணைப்பிழப்பு' என்பதில் அது இல்லை. இழந்தது இழந்ததுதான். 'அலைநழுவல்' கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் திசைவி விலக்கிய நேரத்தில் அலை எங்கும் நழுவவில்லை, முழு வலுவோடு இருக்கிறது.

இடையறவுக்கு ஒரு குறை எனக்கே தெரிகிறது. வேகமாகப் படித்தால் 'இடையூறு' என்று கண் படித்துவிடும். யூஎஸ்பி இரைச்சல், மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை செய்யும் தொல்லைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'இடையூறு', 'குறுக்கீடு' என இரண்டும் இருக்கின்றன. அங்கே 'குறுக்கீடு' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இடையூறை எடுத்துவிட்டால் குழப்பம் வராது. 'குறுக்கீட்டால் இடையறவு' என்று தெளிவாக எழுதலாம்.

அப்புறம், ஒன்றைப் பிரித்து வைக்க வேண்டும். அருகலைக் குறி முழுதாக இருக்கிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால் அது இடையறவே இல்லை. இணைப்பு இருக்கிறது, இணையம் இல்லை. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால் திசைவியிடமிருந்து முகவரி கிடைக்காமல் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. இதையும் அதே தலைப்பின் கீழ் போட்டிருந்தேன், வரைவிலிருந்து எடுத்துவிட்டேன்.

விண்டோஸ் பயனர்களுக்காக ஒரு சொல்: அங்கேயும் கடந்த 3 நாள் அருகலை வரலாற்றை ஒரே கட்டளையில் அறிக்கையாக எடுக்கலாம். ஒவ்வொரு முறை போனதற்கும் காரணம் அதில் இருக்கும். ஆகவே இந்தப் பிரிப்பு லினக்ஸ் ஆட்களுக்கு மட்டுமானது அல்ல.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் அமையவில்லை. ஒரே பெயரில் இரண்டு மூன்று அணுகுபுள்ளிகள் (அருகலை அலையைத் தரும் கருவிகள்) உள்ள இடத்தில் கணினி ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும், நொடி நேரம் இடையறவு போலவே தெரியும். ரோமிங் என்கிறோம். 'தாவல்' பொருத்தமாக இருந்தது, ஆனால் உலாவியில் அந்தச் சொல் வேறு பொருளில் (டேப்) உட்கார்ந்துவிட்டது. 'கைமாற்று' என்றால் கடன் வாங்குவதாகிவிடும். அருகலையில் எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது கணினி, கைப்பேசி வலையமைப்பில் பெரும்பாலும் வலையமைப்பு. அதனால் இங்கும் மாறு, மாற்று என்ற இணையைப் பயன்படுத்தி அருகலைக்குப் 'புள்ளிமாறல்' என்று வைக்கலாமா என்று பார்க்கிறேன். சொல்லிப் பார்த்தால் நாக்கில் சரியாக உட்காரவில்லை. உங்களுக்கு வேறு தோன்றினால் எழுதுங்கள், அந்த வரியை மட்டும் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.