பி.எம். கிசான் பட்டியலில் பேர் இருக்கு, எந்த நிலத்துக்குனு இல்லையே?

கரும்புக்காட்டான் (விழுப்புரம் மாவட்டம்):
அப்பா தவறினதுக்கு அப்புறம் ஒன்னேகால் ஏக்கரை வாரிசுப்படி அம்மா பேருக்குப் பட்டா மாத்தினோம். விவசாயிகளுக்கு மத்திய அரசு கொடுக்கிற பி.எம். கிசான் பணம் 2,000 சில தவணை வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. ஸ்டேட்டஸ்ல "லேண்ட் சீடிங்: நோ"னு காட்டுது, அதாவது நில விவரம் இணைக்கலையாம். சிட்டா எடுத்துக்கிட்டு வி.ஏ.ஓ.வைப் பார்க்கணும், அது தனி அலைச்சல்.

கேள்வி வேற. போர்ட்டல்ல எங்க ஊர்ப் பட்டியலைத் திறந்தா வரிசை எண், பேர், ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அப்பா பேரும் இல்ல, சர்வே நம்பரும் இல்ல. எங்க ஊர்ல முருகன்னு கூப்பிட்டா நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் பேரும் அதுல இருக்கு. அவரா, அதே பேர்ல இருக்கிற அவர் பங்காளியா? டீக்கடையில வாத்தியாரைத்தான் கை காட்டுறாங்க. மாசம் 10,000-க்கு மேல பென்ஷன் வாங்கினா தகுதி இல்லையே. கிராம சபையில கேட்கலாமா, இல்ல போட்டுக்கொடுத்தவன்னு பேர் வருமா?

மணிலாக்கொட்டை:
2020-ல நான் ஒரு வட்டார வேளாண் ஆபீஸ்ல ஒப்பந்த வேலையில இருந்தேன். விவசாயிகள் தாங்களே பதியலாம்னு போர்ட்டல்ல வழி வெச்சிருந்தாங்க. ஒப்புதல் கொடுக்கிறது ஆபீஸ் லாகின். அந்த பாஸ்வேர்டு பல ஊர்ல கம்ப்யூட்டர் சென்டர் வரைக்கும் போயிடுச்சு. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் ஒரு சென்ட் நிலம் இல்லாதவங்க கணக்குலயும் பணம் விழுந்துச்சு. தமிழ்நாடு முழுக்க தகுதி இல்லாதவங்க சுமார் 5.5 லட்சம் பேர், 110 கோடி ரூபாய்னு அரசாங்கமே சொல்லுச்சு. சி.பி.சி.ஐ.டி. வரைக்கும் போச்சு.

பயனாளி பட்டியலை ஊர்ல வெளியிடணும்னு திட்ட விதியிலேயே இருக்கு. நான் வேலை பார்த்த வரைக்கும் ஒரு ஊராட்சி ஆபீஸ் சுவத்துலயும் ஒட்டிப் பார்க்கல. ஒட்டியிருந்தா "யாருப்பா இவன், நம்ம ஊர்க்காரனே இல்லையே"னு முதல் தவணையிலேயே ஒரு கிழவி கேட்டிருக்கும்.

வாய்தா:
வாத்தியார் பேரை சபையில எடுக்காதீங்க. பங்காளியா இருந்தா உங்க மானம்தான் போகும்.

தகவல் உரிமைச் சட்டம் 4-வது பிரிவுப்படி மானியத் திட்டத்துக்கு ஒதுக்கின தொகை, பயனாளி விவரம் எல்லாத்தையும் யாரும் கேட்காமலேயே அரசாங்கம் வெளியிடணும். ஆனா 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தோட 8-வது பிரிவுல கை வெச்சு, "தனிநபர் தகவல்"னு ஒரே வார்த்தையில மறுக்க வழி பண்ணிடுச்சு. பொதுநலன் பெருசுன்னா கொடுக்கலாம்ங்கிற 8(2) மட்டும் மிச்சம். அதனால ஆதார், வங்கிக் கணக்கு பக்கமே போகாம, தகவல் மனுவுல பட்டியல் வரிசை எண்ணைப் போட்டு சர்வே நம்பர், பரப்பு, ஒப்புதல் தேதி மட்டும் கேளுங்க. நாடு முழுக்க தகுதி இல்லாத 20.48 லட்சம் பேருக்கு 1,364 கோடி போனதும், அதுல பாதிக்கு மேல வருமான வரி கட்டுறவங்கன்னதும் தகவல் மனுவுல கிடைச்சு 2021-ல வெளிவந்த விவரம்தான். அதுல ஒரு விவசாயி பேரும் கிடையாது.

அம்பத்தூர் அக்கா:
ஊர்ல என் நிலத்தைக் குத்தகைக்கு உழுறவருக்கு ஒரு பைசா வராது. சென்னையில உட்கார்ந்திருக்கிற எனக்கு வருஷம் 6,000 வருது. பட்டா என் பேர்ல இருக்கு, வருமான வரி கட்டல, ஆக விதிப்படி நான் சரி. முழுப் பட்டியலும் வெளிய வந்தா ஊர்ல என்னைப் பார்த்துத்தான் முதல்ல சிரிப்பாங்க. வரட்டுமே தம்பி, ஒட்டச் சொல்லு.

கரும்புக்காட்டான்:
நன்றிக்கா. யார் பேரையும் சொல்லாம, "பட்டியலை வாசிங்க, சர்வே நம்பரோட ஒட்டுங்க"னு மட்டும் அக்டோபர் 2 சபையில கேட்கப்போறேன், தீர்மானமா எழுதவும் சொல்றேன். தகவல் மனு எந்த ஆபீஸுக்கு? கலெக்டருக்கா?

வாய்தா:
வட்டார வேளாண் உதவி இயக்குநர் ஆபீஸ், பொதுத் தகவல் அலுவலர்னு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். அவங்ககிட்ட இல்லன்னா 5 நாளுக்குள்ள உரிய ஆபீஸுக்கு அவங்களேதான் மாத்தி அனுப்பணும். பதிவுத் தபால் ரசீதைத் தொலைச்சுடாதீங்க.