பழைய லேப்டாப்பில் வைஃபை வரவில்லை: பி43 போதுமா, டபிள்யூஎல் வேண்டுமா?

சாரல்:
பழைய லேப்டாப்பில் டெபியன் 12 (லினக்ஸ்) புதிதாக நிறுவினேன். வைஃபை பட்டியலே வரவில்லை. கணினியிலுள்ள கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ கட்டளையில் பிராட்காம் பிசிஎம்4311, 802.11பி/ஜி என்று கார்டு தெரிகிறது. பயன்பாட்டில் உள்ள டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) என்ற வரியில் பி43-பிசிஐ-பிரிட்ஜ் என்று இருக்கிறது. வயர் மாட்டக் கேபிளும் கைவசம் இல்லை. எந்த டிரைவரைப் போடுவது?

தும்பி:
பிராட்காமே எழுதிய டபிள்யூஎல் டிரைவரைப் போடுங்கள். பேக்கேஜ் பெயர் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். 4311 அதன் ஆதரவுப் பட்டியலில் உண்டு. பி43 என்ற இன்னொரு டிரைவர் தன்னார்வலர்கள் சிப்பின் போக்கை ஆராய்ந்து எழுதியது. அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் சிப்பைச் செய்தவர்களுக்குத்தானே அதன் உள்விவரம் முழுக்கத் தெரியும்?

கல்தச்சன்:
எதையும் நிறுவும் முன், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) எழுதும் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் வெளியீட்டில் பி43 என்று தேடிப் பாருங்கள். யூகோட்5 என்ற ஃபர்ம்வேர் (கார்டுக்குள் ஓடும் நிரல்) கோப்பு கிடைக்கவில்லை என்று அநேகமாக ஒரு பிழை இருக்கும். நீங்கள் பார்த்த பிரிட்ஜ், கார்டைக் கெர்னலோடு கோக்கும் இடைப்பகுதி மட்டும்தான். பி43 டிரைவர் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 முதலே கெர்னலோடு வருகிறது. அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர்தான் இல்லை.

தும்பி, டபிள்யூஎல்லை பிராட்காம் கடைசியாக வெளியிட்டது 2015இல். அதன்பின் வந்த கெர்னல்களுக்கு எல்லாம் மற்றவர்கள் பேட்ச் (திருத்தம்) போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். தவிர, பி43இல் மூடிய நிரல் (மூலநிரல் வெளியிடப்படாதது) கார்டுக்குள் ஓடுகிறது. டபிள்யூஎல்லில் அது கெர்னலுக்குள்ளேயே ஓடுகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

சாரல்:
யூகோட்5 பிழை அப்படியே இருக்கிறது. ஆனால் டெபியன் 12இல் ஃபர்ம்வேர் எல்லாம் நிறுவும்போதே சேர்ந்து வரும் என்றார்களே?

கல்தச்சன்:
ஃபர்ம்வேரைச் சேர்ப்பது பற்றி டெபியன் நடத்திய 2022 வாக்கெடுப்புக்குப் பிறகு அப்படித்தான், ஆனால் மறுவிநியோகம் செய்ய அனுமதி உள்ளவை மட்டுமே வரும். இந்தக் கார்டின் ஃபர்ம்வேருக்கு அந்த அனுமதி இல்லை. அதனால் ஃபர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர் என்ற பேக்கேஜ், ஒரு பழைய டிரைவர் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, உங்கள் கணினியில் வைத்தே ஃபர்ம்வேரை வெட்டி எடுக்கிறது. இணையம் வரவே இணையம் வேண்டும். பலரும் இங்கேதான் மாட்டிக்கொண்டு, லினக்ஸே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள், வருத்தமாக இருக்கும்.

ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங்கை (ஃபோனின் இணையத்தைப் பகிர்வது) ஆன் செய்யுங்கள். கெர்னல் அதை வயர் இணைப்பு போலவே எடுத்துக்கொள்ளும், தனி ஃபர்ம்வேர் தேவையில்லை. அப்புறம் பேக்கேஜ் மூலங்களில் கான்ட்ரிப் பகுதியைச் சேர்த்து இன்ஸ்டாலரைப் போடுங்கள்.

தும்பி:
டெதரிங் கிடைத்துவிட்டால் டபிள்யூஎல்லையும் அதே வழியில் போடலாமே. கெர்னல் ஹெடர்கள் (டிரைவரைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருந்தால் போதும், கெர்னல் மாறும்போதெல்லாம் டிகேஎம்எஸ் தானே கம்பைல் செய்துவிடும். டெபியன் 12 கடைசி வரை 6.1 கெர்னல் வரிசையிலேயே நிற்கிறது. ரோலிங் டிஸ்ட்ரோவுக்கு (தொடர்ந்து புதுக் கெர்னலுக்கு மாறும் லினக்ஸ்) உங்கள் பேட்ச் கவலை நியாயம். இங்கே அது பொருந்தாது.

கல்தச்சன்:
6.1 பற்றிச் சொன்னது சரி. ஆனால் சாரல், உங்கள் வயர் கார்டு எது? பிசிஎம்4401 என்றால் அதற்கு பி44 டிரைவர். அது எஸ்எஸ்பி மாட்யூலையும் (கெர்னலில் ஏற்றும் துண்டு நிரல்) கூட இழுத்து வரும். எஸ்எஸ்பி முந்திக்கொண்டு வைஃபை கார்டைப் பிடித்துவிட்டால் டபிள்யூஎல்லுக்குக் கார்டே கிடைக்காது. மாட்யூல்கள் ஏறும் வரிசையோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

சாரல்:
4401தான். டெதரிங்கில் இன்ஸ்டாலரைப் போட்டு, பி43 மாட்யூலைக் கழற்றி மறுபடி ஏற்றினேன். வைஃபை பட்டியல் வந்துவிட்டது, இருவருக்கும் நன்றி! ரவுட்டர் பக்கத்தில் நன்றாக இருக்கிறது. தூரத்து அறையில் மட்டும் விட்டு விட்டு வருகிறது.

தும்பி:
அதற்குத்தான் டபிள்யூஎல் என்றேன். வயர் உங்களுக்குத் தேவையே இல்லை என்றால் பி44, எஸ்எஸ்பி இரண்டையும் பிளாக்லிஸ்ட் செய்துவிட்டு (ஏறாமல் தடுத்துவிட்டு) ஒரு முறை சோதித்துப் பாருங்கள்.

கல்தச்சன்:
வயர் போர்ட்டை முடக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வைஃபை மறுபடி போனால் கைகொடுப்பது அதுதான். முதலில் பவர் சேவ் ஆன் ஆக இருந்தால் அணையுங்கள். இந்தக் கார்டுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், அதனால் ரவுட்டரில் 1, 6, 11 சேனல்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். அப்போதும் விட்டுப்போனால் டிமெசேஜின் கடைசி வரிகளை இங்கே போடுங்கள்.