ஐஎன்எம்பி441 மைக்கும் ஈஎஸ்பி32 பலகையும்: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் தெருமுனையில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின இரவு கச்சேரி வைத்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சத்தத்தை எண்ணாகப் பார்க்கலாமே என்று ஒரு டெசிபல் மீட்டர் செய்தேன். ஐஎன்எம்பி441 டிஜிட்டல் மைக், ஈஎஸ்பி32 என்ற குட்டிக் கணினிப் பலகை, ஒரு சின்னத் திரை. இதே மாதிரி மைக்கை வைத்து ஏதாவது செய்தவர்கள் நடந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

இணைப்பில் பெரிய வேலை இல்லை. மின்சாரத்துக்கு இரண்டு வயர், ஐ-டூ-எஸ் (டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை) தரவுக்கு மூன்று, மீதி எல்/ஆர் பின். அதைக் கிரவுண்டில் போட்டால் மைக் இடது சேனலில் பேசும், 3.3 வோல்ட்டில் போட்டால் வலது. சும்மா தொங்க விட்டால் எந்தப் பக்கம் பேசும் என்று சொல்ல முடியாது. நிரலில் வெறும் பூஜ்யமாக வந்தால் முதலில் மற்ற சேனலைப் படித்துப் பாருங்கள். ஈஎஸ்பி32 நிரல் நூலகத்தின் சில பதிப்புகளில் இடமும் வலமும் மாறி வரும்.

ஒவ்வொரு சாம்பிளும், அதாவது ஒரு கணத்து ஒலியின் எண்ணும், 32 பிட் இடத்தில் வரும். மேல் 24 பிட்தான் ஒலி. குறியோடு சேர்த்து 8 பிட் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். அப்புறம்தான் டெசிபல் கணக்கு. 94 டெசிபல் ஒலிக்கு மைக் முழு அளவுக்கு 26 டெசிபல் கீழே நிற்கும் என்கிறது தரவுத்தாள். அப்படியென்றால் 120 டெசிபலில் எண் உச்சத்தைத் தொட்டுவிடும். இங்கே 'முழு அளவு' என்பது உச்சம் தொடும் சைன் அலையின் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி அளவு). அதைக் கவனிக்காமல் விட்டால் மீட்டர் எப்போதும் 3 டெசிபல் குறைத்தே காட்டும். ஒரே பையில் வாங்கிய இரண்டு மைக் கூட ஒன்றுபோல் இருக்காது. நண்பர் ஒருவரிடம் 1,000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் அளவீட்டுக் கருவி இருந்தது. அதை மைக்கின் மேல் பொருத்தி எண்ணைச் சரிசெய்தேன். காது கேட்கும் விதத்துக்கேற்ப அளவைத் திருத்தும் ஏ-வெயிட்டிங், 1,000 ஹெர்ட்ஸில் கூட்டவும் கூட்டாது, கழிக்கவும் கழிக்காது என்பதால் வேலை சுலபம்.

சராசரி எடுப்பது அடுத்த சிக்கல். ஒரு நிமிடம் 90, அடுத்த நிமிடம் 50 என்றால் சராசரி 70 அல்ல, ஏறக்குறைய 87. டெசிபலைக் கூட்டி வகுக்கக்கூடாது. ஆற்றலுக்கு மாற்றிச் சராசரி எடுத்துத் திரும்ப டெசிபலாக்க வேண்டும். செல்போன் செயலிகளில் எது எந்த வழியில் கணக்கிடுகிறது என்று வெளியே தெரிவதில்லை. எனக்கு அவற்றின் மேல் நம்பிக்கை இல்லை.

2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. இந்த அளவு ஏ-வெயிட்டிங்கில் சொல்லப்படுவது. அது காது கேட்கும் விதத்தைப் பின்பற்றுவதால் 63 ஹெர்ட்ஸ் ஒலியில் 26 டெசிபலைக் கழித்துவிடும். மண்டபத்துப் பாஸ் பெட்டி இடிப்பது அங்கேதான். ஜன்னல் நடுங்குகிறது, திரையில் எண் சாதுவாக நிற்கிறது! அதனால் இப்போது பாஸை அவ்வளவாகக் கழிக்காத சி-வெயிட்டிங் எண்ணையும் பக்கத்திலேயே காட்டுகிறேன். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே பாஸ் எவ்வளவு என்று தெரிகிறது. மைக்கே 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே மங்கத் தொடங்கும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

மறுமொழி 1

நல்ல பதிவு சார். நான் செய்தது சுருதி காட்டும் கருவி. அதே மைக், அதே பலகை.

எல்லாரும் எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண் வாரியாகக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கணக்கு) போடு என்றார்கள். விநாடிக்கு 16,000 சாம்பிள், 1,024 புள்ளி எஃப்எஃப்டி என்றால் ஒவ்வொரு கட்டமும் 15.6 ஹெர்ட்ஸ் அகலம். ஒரு கட்டை சுருதி 261.6 ஹெர்ட்ஸ், ஒன்றரைக் கட்டை 277.2. வித்தியாசமே ஒரு கட்டம்தான்! ஆண் குரலுக்கு ஒரு ஸ்தாயி கீழே வந்தால் 7.8 ஹெர்ட்ஸ், இரண்டு சுருதியும் ஒரே கட்டத்துக்குள் விழுந்துவிடும் வாய்ப்பு உண்டு. இதை வைத்து யாருக்குச் சுருதி சேர்ப்பது? 4,096 புள்ளிக்குப் போனால் கட்டம் 3.9 ஹெர்ட்ஸாகச் சுருங்கும், ஆனால் கால் விநாடிக்குமேல் ஒலியைச் சேர்த்துக்கொண்டுதான் பதில் வரும். தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகும் கைக்கு அந்தத் தாமதம் எரிச்சல்.

தம்புராவில் இன்னொரு வம்பு. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூல் சரியாக உட்கார்ந்த தம்புராவில் அடிப்படை ஸ்வரத்தைவிட அதன் மடங்குகள் ஓங்கி ஒலிக்கும். எஃப்எஃப்டியில் உயரமான சிகரத்தைப் பிடித்தால் கருவி பஞ்சமத்தையோ காந்தாரத்தையோ காட்டி நிற்கும். காது ஸட்ஜம் என்கிறது, திரை வேறு சொல்கிறது.

ஆட்டோகோரிலேஷனுக்கு மாறியதும் நிலைமை மாறியது. ஒலியை அதன் மேலேயே நகர்த்தி, எவ்வளவு நகர்த்தினால் திரும்பப் பொருந்துகிறது என்று பார்ப்பது அது. மடங்குகள் எவ்வளவு ஓங்கினாலும் எல்லாம் சேர்ந்து திரும்பும் காலம் ஒன்றுதானே. 61 சாம்பிள் நகர்ந்தால் 262.3 ஹெர்ட்ஸ், 62 என்றால் 258.1. இந்த இடைவெளியும் சுருதிக்குப் பெரிது. அதனால் சிகரத்தைச் சுற்றி மூன்று புள்ளிகளை எடுத்து ஒரு பரவளையம் பொருத்தி, நடுவில் விழும் பின்னத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 2002-இல் வெளிவந்த, சுருதி கண்டுபிடிக்கும் யின் முறை இதே வழியில்தான் போகிறது, பிழைகளைத் தடுக்க இன்னும் சில படிகளோடு. ஈஎஸ்பி32-க்கு இதெல்லாம் சுமையே இல்லை.

மறுமொழி 2

கோவைப் பக்கம் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பேரிங் போவதை முன்கூட்டியே சத்தத்தில் பிடிக்கலாம் என்று பார்த்தேன். 1,440 சுற்று மோட்டார் விநாடிக்கு 24 முறை சுற்றும். அந்த 24 ஹெர்ட்ஸ் இந்த மைக்கில் சரியாக வராது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தால் எழும் 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நன்றாக வரும், ஆனால் அது நல்ல மோட்டாரிலும் உண்டு. பேரிங் தட்டல் சில ஆயிரம் ஹெர்ட்ஸில் ஒளிந்திருக்கும். அந்தப் பகுதியை மட்டும் வடிகட்டி, அதன் ஏற்ற இறக்கத்துக்கு எஃப்எஃப்டி போட்டால் ஓரளவு தெரிகிறது. பக்கத்தில் கிரைண்டிங் மெஷினை ஓட்டினால் எல்லாம் போச்சு. பட்டறைக்கு மைக் சரிப்படாது, மோட்டார் உடம்பில் ஒட்டுகிற அதிர்வு சென்சார்தான் லாயக்கு.

மறுமொழி 3

மழைக்குப் பிறகு வயலில் தவளைச் சத்தம் பதிவு செய்ய இதைப் பயன்படுத்துகிறேன். எனக்கு மைக் தொல்லையே தரவில்லை, மெமரி கார்டுதான் தந்தது.

16 பிட், 16,000 சாம்பிள் என்றால் விநாடிக்கு 32,000 பைட், மணிக்கு 115 எம்பி. எந்தக் கார்டும் தாங்கும் வேகம். ஆனால் கார்டு அவ்வப்போது தன் உள்வேலையைப் பார்க்க நின்றுவிடும். கால் விநாடி கூட ஆகும். அதற்குள் 4,000 சாம்பிள் வந்து குவியும். டிஎம்ஏ இடையகம் (வரும் தரவு தற்காலிகமாகத் தங்கும் நினைவிடம்) சின்னதாக இருந்தால் பதிவில் கத்தரித்த மாதிரி ஓட்டை விழும். மைக்கைப் படிப்பதைப் பலகையின் ஒரு செயலிக் கோருக்கும் கார்டில் எழுதுவதை இன்னொரு கோருக்கும் கொடுத்து, நடுவில் 16 கேபி வரிசை வைத்தேன். அரை விநாடி ஒலி அதில் அடங்கும். அப்புறம் ஓட்டை இல்லை.

ஒலியைச் சேமிக்கும் வாவ் கோப்பின் தலைப்பு 44 பைட். மொத்த நீளம் அதில் எழுதியிருக்க வேண்டும். நடுராத்திரி பேட்டரி தீர்ந்தால் நீளம் பூஜ்யமாகவே நிற்கும், சில பிளேயர்கள் கோப்பு காலி என்றே சொல்லும். ஒலி உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை தலைப்பைத் திருத்தி எழுதினால் இந்த வம்பு இல்லை. வைஃபை ஓடும்போது பதிவில் டிக் டிக் என்று வந்தால் மின்வழங்கலைப் பாருங்கள். தரவு டிஜிட்டல்தான், மைக்குக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அனலாக்தானே. மைக்கை ஒட்டி 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள், முடிந்தால் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

மறுமொழி 4

அண்ணா, நான் கல்லூரி மாணவன். புது மாட்யூலில் பின்களைச் சாலிடர் செய்து, ஸ்பிரிட் ஊற்றிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். அதிலிருந்து கத்தினாலும் எண் ஏறவில்லை. மைக் போய்விட்டதா? இன்னொன்று, மொட்டை மாடியில் வைக்க என்ன பெட்டி போடலாம்?

மறுமொழி 5

தம்பி, பெரும்பாலும் போய்விட்டது. இந்த மைக்கின் ஒலித்துளை உலோக மூடியில் இல்லை, பலகையின் மறுபக்கத்தில் இருக்கும் ஊசி அளவு ஓட்டை அது. சாலிடர் ஃப்ளக்ஸோ ஸ்பிரிட்டோ அதற்குள் இறங்கினால் உள்ளே இருக்கும் சவ்வு ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் காயவிட்டுப் பார், சில சமயம் பிழைக்கும். காற்றுக் குழாய் வைத்து ஊதாதே, சவ்வு கிழியும். அடுத்த மைக்கில் முதலில் துளை மேல் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டிவிட்டுச் சாலிடர் பண்ணு. கழுவவே வேண்டாம்.

பெட்டியில் துளையை மைக் துளைக்கு நேராக, குட்டையாகப் போடு. நடுவில் ரப்பர் வாஷர் வைத்து அழுத்து. பெட்டிக்குள் காற்று கசிந்தால் பெட்டியே ஊதுகுழல் மாதிரி ஒரு ஸ்வரத்தைத் தூக்கிக் கொடுக்கும். துளை கீழே பார்க்கட்டும், துளையை மூடி ஒலி விடும் நீர்புகாச் சவ்வு ஒன்றை ஒட்டு. சவ்வு ஒட்டிய பிறகு மீட்டரைத் திரும்ப அளவு பார்த்துக்கொள்.