மாசமா இருந்தப்போ எது சகஜம், எதை உடனே சொல்லணும்? உங்க அனுபவத்தை எழுதுங்க

தஞ்சாவூர் அக்கா:

என் தங்கச்சிக்கு நாள் தள்ளிப்போயிருக்கு. தலைச்சன். பக்கத்துல ஆள் இல்லாத ஊர்ல இருக்கா, ராத்திரி ஆனா போன் பண்ணி ஒவ்வொண்ணா கேக்குறா. எனக்கு ரெண்டு பிரசவம் ஆச்சு, ரெண்டும் ஒரே மாதிரி இல்ல. என் கதையை மட்டும் சொல்லி அவளை அனுப்ப மனசு வரல. வீட்டுப் பெரியவங்க எதைக் கேட்டாலும் "அதெல்லாம் சகஜம்"னு சொல்லிடுறாங்க. முக்கால்வாசி உண்மைதான். மிச்சம் கால்வாசியைத்தான் தெரிஞ்சுக்கணும்.

என்னோடதுல ஆரம்பிக்கிறேன். கார்டுல ரெண்டு கோடு வந்ததும் முதல் வேலை பதிவு. 12 வாரத்துக்குள்ள ஏரியா நர்ஸம்மாகிட்டயோ ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ பதிஞ்சு பிக்மி எண் (அரசு கொடுக்குற கர்ப்பப் பதிவு எண்) வாங்கிடணும். தனியார் டாக்டர்கிட்ட பாக்குறவங்களும்தான். குழந்தையோட பிறப்புப் பதிவுக்கு அந்த எண்ணைக் கேப்பாங்க. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துல தவணையா வர்ற பணம், ஊட்டச்சத்துப் பெட்டகம் (மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பு) எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம்.

முதல் செக்கப்புல உயரம், எடை, பிபி பாத்துட்டு ரத்தம் நிறைய குழாய்ல எடுத்தாங்க. ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, மஞ்சள் காமாலை பி, எச்ஐவி. எச்ஐவி எல்லா கர்ப்பிணிக்கும் பாக்குறதுதான், என்னை எதுக்கு சந்தேகப்படுறாங்கன்னு யாரும் கலங்க வேணாம். ஃபோலிக் ஆசிட் மாத்திரை அன்னைக்கே கொடுத்தாங்க. குழந்தையோட முதுகுத்தண்டும் மூளையும் உருவாகுறது முதல் சில வாரத்துலேயே நடந்துடுறதால அதைத் தள்ளிப்போடக் கூடாதுன்னாங்க.

மசக்கை முதல் பிள்ளைக்கு சாதாரணமா இருந்துச்சு. கடுகு தாளிக்கிற வாசம் ஆகாது, காலைல எழுந்ததும் ரெண்டு வாய் பொரி சாப்பிட்டா கொஞ்சம் அடங்கும், நாலாம் மாசம் விட்டுடுச்சு. ரெண்டாவதுக்கு வேற. குடிச்ச தண்ணியும் வெளிய வந்துச்சு. எடை இறங்குச்சு. ஒரு நாள் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே ஒரு தடவைதான் யூரின் போச்சு, அதுவும் கொஞ்சமா, டீ டிகாக்‌ஷன் நிறத்துல. "மசக்கைன்னா அப்படித்தான்"னு மாமியார் சொல்லச் சொல்ல, என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துட்டார். யூரின்ல கீட்டோன் (சாப்பாடு தங்காம உடம்பு கொழுப்பைக் கரைக்கிறப்போ வர்றது) இருக்குன்னு சொல்லி அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தினாங்க. மறுநாள்தான் எழுந்து உக்கார முடிஞ்சுது. வாந்தி சகஜம். தண்ணி தங்கலைன்னா, யூரின் குறைஞ்சா, அது சகஜம் இல்ல.

சேலம் டீச்சர்:

நான் சர்க்கரை டெஸ்ட் பத்தி சொல்றேன், ஏன்னா எனக்கு அதுலதான் வந்துச்சு.

75 கிராம் குளுக்கோஸை ஒரு பெரிய டம்ளர் தண்ணில கலக்கிக் கொடுப்பாங்க. அஞ்சு பத்து நிமிஷத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும். ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. அரசு முறையில சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாம இருந்தாலும் செய்யலாம். 140 அல்லது அதுக்கு மேல போனா கர்ப்பகால சர்க்கரை. பஸ் பிடிச்சு வெறும் வயித்தோட வர முடியாத பொண்ணுங்களை மனசுல வச்சு இந்த ஒரே ஊசி முறையை நம்ம நாட்டுல நிலைநிறுத்தினவர் சென்னை டாக்டர் வி. சேஷய்யா. அவர் பிறந்தநாளான மார்ச் 10ஐத்தான் இந்தியாவுல கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளா வச்சிருக்காங்க. இதை எங்க ஸ்கூல்ல பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கேன்.

குடிக்கிறப்போ குமட்டும். மெதுவா, ஆனா நிறுத்தாம குடிங்க. அரை மணி நேரத்துக்குள்ள வாந்தி எடுத்துட்டா வேற நாள் திரும்ப வரச் சொல்வாங்க. முதல் செக்கப்புல ஒரு தடவை, 24 லிருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொரு தடவை. எனக்கு முதல் தடவை நார்மல். அதனால ரெண்டாவது எதுக்குன்னு வீட்ல கேட்டாங்க. ரெண்டாவதுலதான் ஏறியிருந்துச்சு. நஞ்சுல (நச்சுக்கொடியில) சுரக்குற ஹார்மோன்கள் மாசம் ஏற ஏற இன்சுலினை வேலை செய்ய விடாம தடுக்கும், அதனாலதான் ஆறாம் மாசம் திரும்பப் பாக்குறாங்கன்னு டாக்டர் விளக்கினாங்க. நான் இனிப்பு தின்னதால வந்ததுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் அதே பதிலைச் சொன்னேன்.

ரெண்டு வாரம் சாப்பாட்டுக் கட்டுப்பாடு. மூணு வேளையை ஆறா பிரிச்சேன். ஒரு வேளைக்கு நாலு இட்லி இருந்த இடத்துல ரெண்டு இட்லி, நிறைய சாம்பார், ஒரு முட்டை. பதினோரு மணிக்கு சுண்டல். சாதம் ஒரு கப், பொரியல் ரெண்டு கப். சாப்பிட்டதும் மொட்டை மாடில நடை. "ரெண்டு உயிருக்கு சாப்பிடணும்"னு அம்மா நெய் ஊத்திட்டு வந்து நிப்பாங்க, அழுகையா வரும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 120க்குள்ள வந்துடுச்சு, ஊசி தேவைப்படல. என் கூட வேலை பாக்குற இன்னொருத்தங்களுக்கு இன்சுலின் போட வேண்டி வந்துச்சு, அவங்க பிள்ளையும் நல்லாத்தான் இருக்கான். பிரசவத்துக்கு ஆறு வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்வாங்க. அதை யாரும் விடாதீங்க, பின்னாடி நமக்கு சர்க்கரை வர்ற வாய்ப்பு கூடுதல்.

விருதுநகர் பொண்ணு:

எனக்கு அஞ்சாம் மாசம் பலப்பம் திங்கணும்னு தோணுச்சு. சின்ன ஆசையா இல்ல, கடைல அந்த டப்பாவைப் பாத்தாலே நாக்குல எச்சில் ஊறும். ஊறவச்ச அரிசியும் தின்னேன். எங்க ஆச்சி, "நான் அடுப்புச் சாம்பல் தின்னேன், உங்க அம்மா மண்ணு தின்னா, பரம்பரை ஆசை"னு சிரிச்சாங்க. செக்கப்புல நர்ஸ்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு, ஆனாலும் சொன்னேன். உடனே கண்ணைக் கீழ இழுத்துப் பாத்தாங்க, நகத்தைப் பாத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க. ஹீமோகுளோபின் 8. கர்ப்பிணிக்கு 11க்கு கீழ போனாலே ரத்தசோகை. இந்தக் கண்டதைத் திங்கிற ஆசைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் சம்பந்தம் இருக்காம். எனக்கு அயர்ன் சுக்ரோஸ்ங்கிற இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸா ஏத்தினாங்க, ஆசையும் கொஞ்ச நாள்ல போயிடுச்சு.

இரும்பு மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பா போகும், பயப்படாதீங்க. டீ காபியோட சேத்துப் போடாதீங்க. கால்சியம் மாத்திரையோடவும் சேத்துப் போடக்கூடாது, ஒண்ணு இன்னொண்ணை உடம்புல சேரவிடாது. நான் கால்சியத்தை காலைலயும் மத்தியானமும் சாப்பாட்டோட போட்டுட்டு, இரும்பு மாத்திரையை ராத்திரிக்கு வச்சுக்கிட்டேன். குமட்டலும் தூக்கத்துல தெரியல.

கோவை, ஒரு அப்பா:

ஆம்பளைங்க எழுதலாமான்னு தெரியல, எழுதிடுறேன். அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு கண்டிப்பா கூடப் போங்க. 18லிருந்து 22 வாரத்துக்குள்ள எடுக்குறது. முதல்ல படிவம் ஒண்ணுல கையெழுத்து வாங்குவாங்க. குழந்தை ஆணா பொண்ணான்னு கேக்க மாட்டோம்னு 1994 சட்டப்படி உறுதி. அப்புறம் ரொம்ப நேரம் மௌனமா பாப்பாங்க. இதயத்தோட நாலு அறை, முதுகெலும்பு, சிறுநீரகம், உதடு, கை கால்னு வரிசையா அளக்குறதால அந்த மௌனம். ஏதோ கோளாறுன்னு நினைச்சு என் மனைவி என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தா. குழந்தை குப்புறப் படுத்திருந்தா வெளிய நடந்துட்டு வரச் சொல்வாங்க, அதுவும் வழக்கம்தான்.

எங்களுக்கு ரிப்போர்ட்ல நஞ்சு கீழ இறங்கி இருக்குன்னு வந்துச்சு. சிசேரியன்தான்னு அன்னைக்கே சொந்தக்காரங்க முடிவு பண்ணிட்டாங்க. கர்ப்பப்பை வளர வளர பெரும்பாலும் நஞ்சும் மேல போயிடும், 32 வாரத்துல திரும்பப் பாப்போம்னு டாக்டர் சொன்னார். அதுவரை ரத்தம் ஒரு சொட்டு பட்டாலும், வலி இல்லாட்டியும் உடனே வரணும்னார். எங்களுக்கு மேல போயிடுச்சு. எல்லாருக்கும் போகாது, அதனால அந்த மறு ஸ்கேன் முக்கியம்.

நெகட்டிவ் குரூப் அம்மா, வேலூர்:

சின்ன விஷயம்தான், ஆனா சொல்லணும். அம்மாவுக்கு நெகட்டிவ், அப்பாவுக்கு பாசிட்டிவ் குரூப்னா 28 வாரம் வாக்குல ஆன்ட்டி-டி ஊசி (பிள்ளையோட பாசிட்டிவ் ரத்தத்தை அம்மா உடம்பு எதிர்க்க ஆரம்பிக்காம தடுக்குறது) போடுவாங்க. பிள்ளை பாசிட்டிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள இன்னொண்ணு. கரு கலைஞ்சாலும் ஊசி வேணுமான்னு கேட்டே ஆகணும். முதல் பிள்ளைக்கு பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது, அடுத்த பிள்ளைக்காகத்தான் இது.

ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்:

எல்லாம் படிச்சேன் கண்ணுங்களா, சந்தோஷமா இருக்கு. கால் வீக்கத்தைப் பத்தி யாரும் எழுதலை. நான் எழுதுறேன்.

ஏழாம் மாசத்துக்கு மேல சாயங்காலம் ஆனா பாதம் வீங்கும், செருப்பு இறுக்கும். கர்ப்பப்பை ரத்தக்குழாயை அழுத்துறதாலயும் உடம்புல நீர் கூடுறதாலயும் வர்றது. ராத்திரி காலைத் தலையணை மேல வச்சு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா காலைல வடிஞ்சிருக்கும். வடியாத வீக்கம், முகத்துலயும் கைவிரல்லயும் வர்ற வீக்கம் வேற. மோதிரம் கழட்ட முடியலைன்னு யாராவது சொன்னா நான் முதல்ல பிபி மெஷினைத்தான் எடுப்பேன்.

ஒரு கிராமத்துல எட்டு மாசக் கர்ப்பிணிப் பொண்ணு. நான் வேற வீட்டுக்குத் தடுப்பூசி சொல்லப் போனவ, திண்ணையில தலைல துணி கட்டிப் படுத்திருந்ததைப் பாத்து நின்னேன். "வெயில்ல களையெடுக்கப் போச்சு, தலைவலி"ன்னாங்க வீட்ல. கண்ணு எப்படிம்மா இருக்குன்னு கேட்டேன். பூச்சி பறக்குற மாதிரி இருக்குக்கா, வயித்துக்கு மேல வலது பக்கம் பிடிச்சு இழுக்குதுன்னா. பிபி 160க்கு 110. அங்கேயே 108க்கு போன் போட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துல வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். குழந்தையை முன்னாடியே எடுத்தாங்க. எடை குறைச்சல், ஆனா தாயும் பிள்ளையும் வீடு திரும்பினாங்க.

அதனால சொல்றேன். 140க்கு 90 தொட்டாலே நாங்க விட மாட்டோம். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயித்து வலி, முகவீக்கம், இதுல ஒண்ணு வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க. செக்கப்புல பிபி பாக்காம, யூரின்ல புரதம் பாக்காம அனுப்பினா நீங்களே கேளுங்க. கேக்குறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு.

பிள்ளையோட அசைவும் அப்படித்தான். தலைச்சன்னா 18, 20 வாரத்துல தெரியும், முதல்ல வாயு மாதிரி இருக்கும். ஏழு மாசத்துக்கு மேல சாப்பிட்டுட்டு இடது பக்கம் படுத்து எண்ணுங்க, ரெண்டு மணி நேரத்துல 10 அசைவு வரணும். வழக்கத்தைவிடக் குறைஞ்ச மாதிரி தோணினா விடியட்டும்னு இருக்காதீங்க.

நாகர்கோவில்:

நர்ஸம்மா, உங்க பதிவைப் படிச்சதும் என்னோடதையும் எழுதத் தோணுது. வயித்துல தோல் விரியறதால அரிப்பு நிறைய பேருக்கு வரும், தேங்காய் எண்ணெய் போதும். எனக்கு எட்டாம் மாசத்துக்கு மேல உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பு. ஒரு தடிப்பு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. பகல்ல பரவாயில்ல, ராத்திரியானா சிமெண்ட் தரையில காலைத் தேச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். சூடுன்னாங்க, வேப்பிலை அரைச்சுத் தடவுனாங்க. டாக்டர் "எங்க அரிக்குது, எப்போ அரிக்குது"ன்னு கேட்டதும்தான் விஷயம் தெரிஞ்சுது. கல்லீரல் டெஸ்டும் பித்த அமில டெஸ்டும் எடுத்தாங்க. பித்தம் ரத்தத்துல தேங்குற கோளாறு. அளவு ரொம்பக் கூடினா குழந்தைக்கு ஆபத்து. மாத்திரை கொடுத்து, அடிக்கடி ரத்தம் பாத்து, தேதிக்கு முன்னாடியே வலி வரவச்சாங்க. பிரசவம் ஆன கொஞ்ச நாள்ல அரிப்பு சுவடே இல்ல.

கழுத்து கறுக்குறது, கன்னத்துல மங்கு, தொப்புளுக்குக் கீழ கோடு, ஈறுல ரத்தம், இதெல்லாம் எனக்கும் வந்துச்சு, தானா போச்சு. குங்குமப்பூ குடிச்சா பிள்ளை சிவப்பா பொறக்கும்னு காசைக் கொட்டாதீங்க, நிறம் அதுல மாறாது. அந்தக் காசுக்கு முட்டையும் பழமும் வாங்கலாம்.

பெயர் சொல்ல விரும்பாதவர்:

எல்லாரும் உடம்பைப் பத்தி எழுதியிருக்கீங்க. எனக்கு உடம்புல ஒண்ணும் இல்ல. வளைகாப்புல கை நிறைய வளையல் போட்டு எல்லாரும் சிரிக்கிறப்போ எனக்கு மட்டும் எதுவுமே தோணல. தூக்கம் இல்ல, காரணமில்லாம அழுகை, பிள்ளை வேணாம்னுகூட ஒரு நினைப்பு. நல்ல காரியம் நடக்குற நேரத்துல அழாதேன்னுதான் சொன்னாங்க. செக்கப்புல டாக்டரம்மா "மனசு எப்படி இருக்கு"ன்னு கேட்டாங்க, அங்கேயே உடைஞ்சுட்டேன். மனநல டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. கர்ப்பத்துல கொடுக்கக்கூடிய மருந்து இருக்கு, பேசிச் சரி பண்றதும் இருக்கு. யாரும் கேக்கலைன்னா நீங்களே சொல்லுங்க. 14416 டெலிமானஸ் (அரசோட மனநல உதவி) எண்ல தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

மதுரை, மூணு பிள்ளைக்காரி:

கடைசி மாசம் யாரும் எழுதலையே. ஒன்பது பிறந்ததும் பிள்ளை தலை இறங்கும். மூச்சு லேசாகும், ஆனா இடுப்பும் தொடையும் வலிக்கும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பாத்ரூம். பொய் வலி வந்து வந்து போகும். கொஞ்சம் நடந்தாலோ படுத்தாலோ அடங்கிட்டா பொய் வலி. இடுப்புல கிளம்பி முன்னாடி வந்து, நேரம் வச்ச மாதிரி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டே போனா நிஜ வலி.

பனிக்குடம் உடைஞ்சா குடம் கவுந்த மாதிரி கொட்டும்னு நினைச்சிருந்தேன். மூணாவதுக்கு சொட்டுச் சொட்டாத்தான் வந்துச்சு, யூரின்னு தோணுற அளவுக்கு. அடக்க முடியலைன்னா அது பனிக்குடத் தண்ணியா இருக்கலாம். சுத்தமான பேட் வச்சு நிறத்தைப் பாருங்க. வலி வரலையேன்னு வீட்ல இருக்காதீங்க, உடைஞ்ச நேரத்தைக் குறிச்சுக்கிட்டு கிளம்புங்க. தண்ணி பச்சையாவோ ரத்தம் கலந்தோ இருந்தா ஆஸ்பத்திரி வாசல்லயே அதை முதல்ல சொல்லுங்க, டோக்கனுக்கு உக்கார வேணாம்.