மரணச் செய்தியை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி? அவசரம்

புதுவரவு: வெளிநாட்டில் வேலையில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. ஒரு மரணம் குறித்து அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டும். ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதினேன். ஏதோ உறுத்தியது, அழித்துவிட்டேன். இன்றிரவே அனுப்ப வேண்டும். கை ஓடவில்லை. உதவுங்கள்.

கரைவாசி: அழித்தது நல்லது. இங்குள்ளவர்கள் அந்தச் சொல்லை மருந்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும்தான் சொல்வார்கள். ‘பாஸ்ட் அவே’ என்று எழுதுங்கள். சக ஊழியர் வீட்டு இழப்பு என்றால் ‘ஐ யம் ஸோ சாரி ஃபார் யுவர் லாஸ்’ போதும். ‘ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்சஸ்’ என்றால் அரசு அறிக்கை வாடை அடிக்கும். ‘ஆர்ஐபி’ என்று மூன்று எழுத்தில் முடித்துவிடாதீர்கள். ‘அட் லீஸ்ட்’ என்று தொடங்கும் எந்த ஆறுதலும் வேண்டாம்.

பனிமூட்டம்: எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த ‘சாரி’ வாக்கியத்தை எல்லோரும் இயந்திரம் போலச் சொல்கிறார்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள். நான் வந்த புதிதில் என் பாட்டி இறந்தார். அலுவலகத்தில் ஓர் அட்டையில் ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அன்று மதியமே, அந்த வேலை எப்போது முடியும் என்று மேலாளர் கேட்டார். இவர்களிடம் நீங்கள் எந்தச் சொல்லைத் தேடி என்ன ஆகப்போகிறது?

கரைவாசி: அட்டையாவது கொடுத்தார்களே ஐயா. நம்மவர்கள் ‘எப்படி இறந்தார், என்ன வயது, எவ்வளவு செலவானது’ என்று குடைவதைவிட அது மேல்.

நெடும்பயணி: துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, முதலில் மறுப்பு, பிறகு கோபம் வரும். உங்கள் நண்பர் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பாருங்கள்.

தாமரைக்குளம்: 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அந்த ஐந்தையும் விவரித்தது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. அதை இழந்தவர் மீது அளவுகோலாக வைக்காதீர்கள். அது கிடக்கட்டும். புதுவரவு, இறந்தது யார்? நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள்? இதை ஒருவரும் கேட்கவில்லையே.

புதுவரவு: இறந்தவர் என் அப்பா. நேற்றிரவு. விடுப்பு கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆஸ்திரேலியா.

கரைவாசி: ஐயோ, மன்னியுங்கள் தம்பி.

நெடும்பயணி: ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால்தான் மூன்று நாள் கிடைக்கும்.

தாமரைக்குளம்: அது நியூசிலாந்துச் சட்டம், அவரைப் பயமுறுத்தாதீர்கள். தம்பி, வருந்துகிறேன். ஆஸ்திரேலியாவில் இதற்குக் ‘கம்பாஷனேட் லீவ்’ என்று பெயர். இரண்டு நாள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. கேஷுவல் ஊழியர், அதாவது நிரந்தரமில்லாமல் தேவைப்படும்போது அழைக்கப்படுபவர் என்றால் மட்டும் சம்பளம் இல்லை. சான்று கேட்கலாம், கேட்டால் பிறகு கொடுங்கள். இரண்டு நாள் போதாது. மீதியை ‘ஆனுவல் லீவ்’ அல்லது ‘அன்பெய்ட் லீவ்’ என்று கேளுங்கள். அவை மேலாளர் ஒப்புதலைப் பொறுத்தவை.

இப்படி எழுதுங்கள்: ‘மை ஃபாதர் பாஸ்ட் அவே லாஸ்ட் நைட். ஐ நீட் டு டிராவல் ஹோம் ஃபார் த ஃபியூனரல். ஐ வுட் லைக் டு டேக் கம்பாஷனேட் லீவ் ஃப்ரம் டுமாரோ, ஃபாலோட் பை அன்பெய்ட் லீவ்.’ திரும்பும் தேதியையும் சேருங்கள். வருணனை எதுவும் தேவையில்லை. டிக்கெட் எடுக்கும் முன் விசாவில் மறுபடி நுழைய அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

புதுவரவு: அனுப்பிவிட்டேன், அக்கா. தேதி மட்டும் போடவில்லை. ‘டேக் ஆல் த டைம் யூ நீட்’ என்று பதில் வந்திருக்கிறது. அப்படியென்றால் எத்தனை நாள்?

தாமரைக்குளம்: அது ஆறுதல் வார்த்தை, விடுப்புக் கணக்கு அல்ல. ‘தேங்க் யூ’ சொல்லி, திரும்பும் தேதியைக் குறிப்பிட்டு, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.